எகிப்தின் தவளைகளும் நம் கோயில் குட்டையும்

(யூபிலி விழாவை முன்னிட்டு நடைபெற்ற இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் பங்குத் தந்தை பேச எழுந்தால், கோயில் கட்டிய கதை, கோபுரம் எழுப்பிய கதை, மணி வாங்கிய கதை என்று வரிசையாக வரும் என எதிர்பார்த்துத்தான் அமர்ந்திருப்பீர்கள். அவற்றையெல்லாம் நம்மிலும் மூத்தவர்கள் இம்மலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது தவளையை. சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, ஆனால் எழுந்து போய்விடாதீர்கள்.

சென்ற தவக்காலத்தில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு ஆசிரியை வராததால் நாமே போய் நின்றோம். பாடம் எகிப்தின் பத்து வாதைகள். ஆறு இரத்தமானதைச் சொல்லி முடித்துத் தவளைக்கு வந்தபோது, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "சாமி, அந்தத் தவளை எப்படிக் கத்துச்சு? நம்ம ஊருத் தவளை மாதிரியா, இல்ல எபிரேயத்துல கத்துச்சா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்துச் சமாளித்தோம். குருமடத்தில் எபிரேயம் படித்துத் தேர்வும் எழுதியவர் நாம். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பதில் நம்மிடம் இல்லை. வீட்டுக்கு வந்து பழைய நோட்டுகளைத் தூசி தட்டி எடுத்ததிலிருந்து தொடங்கியது இந்த ஆராய்ச்சி.

விடுதலைப் பயணம் எட்டாம் அதிகாரத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். தவளைகள் நைல் நதியிலிருந்து ஏறி வருகின்றன. அரண்மனைக்குள் நுழைகின்றன. படுக்கையறை, கட்டில், அலுவலர் வீடு, அடுப்பு, மாவு பிசையும் தொட்டி, ஒன்றும் பாக்கியில்லை. பிறகு செத்துக் குவியல் குவியலாகக் கிடக்கின்றன, நாடே நாறுகிறது. கண்ணால் கண்டதும் மூக்கால் உணர்ந்ததும் இவ்வளவு விவரமாக இருக்கிறது. காதால் கேட்டது மட்டும் ஒரு வார்த்தைகூட இல்லை. அத்தனை தவளை ஒரு நாட்டில் புகுந்தால் இரவில் யாராவது கண் மூடியிருக்க முடியுமா? ஆனால் நூலாசிரியர் அதைச் சொல்லவில்லை. திருப்பாடல்கள் 78, 105 இரண்டும் இந்த வாதையை நினைவுகூர்கின்றன; அங்கேயும் குரல் இல்லை. சாலமோனின் ஞானம் 19 ஆம் அதிகாரம், மீன்களுக்குப் பதிலாக ஆறு தவளைகளைக் கக்கியதைச் சொல்கிறது, அங்கும் இல்லை.

அதிகாரத்தில் ஒரே ஒரு கூக்குரல் உண்டு. அது மோசேயுடையது. பார்வோனுக்காக மோசே ஆண்டவரிடம் வேண்டுதல் செய்யும் இடங்கள் பல. ஈக்களுக்கும் வெட்டுக்கிளிகளுக்கும் 'மன்றாடினார்' என்னும் பொருளுடைய எபிரேயச் சொல் வருகிறது. தவளைகளின்போது மட்டும் 'சாஅக்' என்ற வினை. உரக்கக் கூவினார், அலறினார் என்று பொருள். தவளைச் சத்தத்தில் மெதுவாகச் சொன்னால் கேட்டிருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது. இது நம் சொந்தக் கற்பனை. தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

விவிலியம் சொல்லாமல் விட்ட குரலைப் பின்னால் வந்த யூத அறிஞர்கள் விடவில்லை. தவளைக்கு எபிரேயத்தில் 'செபர்தேயா' என்று பெயர். இடைக்காலத்தில், இச்சொல் தவளையைக் குறிக்கிறதா, நைல் நதியின் முதலையைக் குறிக்கிறதா என்றே ஒரு வழக்கு எழுந்தது. 12 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இபின் எஸ்ரா இரு கருத்துகளையும் எடுத்துவைத்து, ஆறுகளில் கிடந்து குரல் கொடுக்கின்றனவே, அவைதான் என்று தீர்ப்புச் சொல்கிறார். கவனியுங்கள்: கால், தோல், தத்துதல் எதையும் அவர் அடையாளம் காட்டவில்லை. குரலைத்தான் காட்டினார்.

இன்னொரு வழக்கும் உண்டு. மூல பாடத்தில் 'தவளை ஏறி வந்தது' என்று ஒருமையில் இருக்கிறது. நமக்கு இது புதிதல்ல; 'வயலில் எலி விழுந்துவிட்டது' என்றால் ஓர் எலி என்றா நாம் எண்ணுகிறோம்? ஆனால் ரபி அக்கிபா, ஒரே தவளைதான் வந்தது, அது பெருகி எகிப்து முழுவதையும் நிரப்பியது என்றார். அதற்கு ரபி எலாசார் பென் அசரியா, உமக்கு ஏன் இந்தக் கதை விளக்கமெல்லாம், நீர் தீட்டுச் சட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று கடிந்துவிட்டு, தம் விளக்கத்தைச் சொன்னார்: ஒரே தவளைதான் முதலில் வந்தது, அது சீழ்க்கையடித்து மற்றவற்றைக் கூப்பிட்டது, அவை வந்தன. தல்மூதில் சன்ஹெத்ரின் என்ற பகுதியில் இந்தச் சண்டை பதிவாகியிருக்கிறது. குட்டைக் கரையில் நின்று கேட்டவர் எவரும் எலாசார் பக்கம்தான் சாய்வார்கள். முதலில் ஒன்று தொடங்கும். சற்று மௌனம். எதிர்க்கரையில் ஒன்று பதில் சொல்லும். பிறகு நாம் பேசுவது நமக்கே கேட்காது.

சரி, அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். எபிரேயத்தில் அது எப்படிக் கத்தும்? பிரான்சு நாட்டுத் திருவா நகரில் 1105 இல் இறந்த ராஷி என்னும் பேருரையாசிரியர், தவளைகள் எகிப்தியரின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து 'மெகர்கெரின்', அதாவது கர்கர் என்று ஒலித்தன என்று எழுதுகிறார். வாதை வெளியே மட்டுமல்ல, குடலுக்குள்ளும் சத்தம்! இன்றைய எபிரேயத்திலும் தவளை கத்துவதற்கு அதே வேர்தான்: 'கிர்கூர்'. கோழி கொக்கரிப்பதற்கும் அதுவே. இஸ்ரயேல் நாட்டுக் குழந்தையைக் கேட்டால் தவளை 'க்வா க்வா' என்னும். பெரியவர்களின் சொல் கர்கர்.

இந்தக் கர்கரைக் காதில் வாங்கியதும் நமக்கு நம் தமிழாசிரியர் நினைவுக்கு வந்தார். கலகல, சலசல, படபட. இரட்டைக்கிளவி இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியத்தைக் காட்டிப் பிரம்பால் மேசையைத் தட்டுவார், தடதட என்று. எபிரேயத்திலும் இந்த இரட்டிப்பு உண்டு. திருப்பாடல் 150 இல் வரும் கைத்தாளத்துக்கு 'செல்செலிம்'. எரேமியா 19 ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் உடைக்கும் மண் கலயத்துக்குப் 'பக்பூக்'. கவிழ்த்தால் தண்ணீர் இறங்கும் சத்தமே பெயராகிவிட்டது. பழைய எகிப்தியரும் தவளையை அதன் குரலாலேயே அழைத்தார்கள். அவர்கள் சொல்லின் மெய்யெழுத்துகள் க, ர, ர. எகிப்துக் கிறிஸ்தவர்களின் கோப்து மொழியில் அது 'க்ரூர்' ஆயிற்று. தவளைத் தலையுடைய ஹெக்கெத் என்ற தெய்வத்தைப் பிள்ளைப்பேற்றுக்கு வணங்கிய நாடு அது. இலட்சம் என்ற எண்ணைக் குறிக்கத் தலைப்பிரட்டையின் படத்தை எழுதிய நாடு. அவர்கள் மகிழ்ச்சியோடு கேட்டிருந்த குரலே அவர்களுக்கு வாதையாயிற்று.

நன்னூலில் சூத்திரங்களின் போக்கைச் சொல்லும்போது 'தவளைப் பாய்த்து' என்று ஒன்று உண்டு. இடையில் சிலவற்றை விட்டுத் தாவிப் போவது. நாமும் இப்போது கொஞ்சம் தாவுகிறோம்.

ஒரே தவளைக்கு ஏன் ஊருக்கு ஒரு சத்தம்? ஜெர்மானியர் 'க்வாக்' என்கிறார்கள், ஜப்பானியர் 'கெரோ கெரோ' என்கிறார்கள். கி.மு. 405 இல் அரிஸ்டோபனீஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர் தவளைகளையே பாடகர் குழுவாக மேடையேற்றி 'கோவாக்ஸ்' என்று பாடவைத்தார். அமெரிக்கர் 'ரிபிட்' என்பார்கள். அவர்கள் நாட்டு மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சிறு மரத்தவளையின் குரல் அது; ஹாலிவுட் படங்களில் எந்த நாட்டுக் காட்டைக் காட்டினாலும் அந்தத் தவளையின் குரலையே சேர்த்ததால் உலகத் தவளைகளுக்கெல்லாம் அதுவே குரல் என்றாகிவிட்டது. ஆக, மொழி மட்டும் வேறு அல்ல, தவளையும் வேறு. இனத்துக்கு இனம் குரல் மாறும். கத்துவன பெரும்பாலும் ஆண் தவளைகள். அவை வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் கத்துகின்றன! நுரையீரலிலிருந்து காற்று தொண்டைப் பைக்குப் போகிறது, திரும்ப வருகிறது. வாய் திறப்பதே இல்லை. 'தவளை தன் வாயால் கெடும்' என்று பழி சுமத்தினோமே, பாவம், அதன் வாய் மூடியே இருந்திருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். தவளை என்ன செய்யும்? 'கத்தும்' என்பீர்கள். ஆடும் கத்தும், பிள்ளையும் கத்தும், ஒலிபெருக்கியும் கத்தும். குயிலுக்குக் கூவுதலும் மயிலுக்கு அகவுதலும் காக்கைக்குக் கரைதலும் வைத்த மொழி, தவளைக்கு ஒன்றும் வைக்கவில்லையா? வைத்திருந்தது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் 468 ஆம் பாட்டைப் பாருங்கள். கார்காலம் தொடங்கியதற்கு அடையாளமாக இரு குரல்களை வைக்கிறார். நுணல் கறங்குகிறது, தேரை தெவிட்டுகிறது. இரண்டு தவளை, இரண்டு வினை. இன்று தெவிட்டுதல் என்றால் பாயசம்தான் நினைவுக்கு வரும். குறுந்தொகை 193 இலோ, மலைச் சுனையில் கிடக்கும் தேரையின் குரல், தினைப்புனத்தில் கிளி ஓட்டும் தட்டைப் பறையின் ஒலிக்கு ஒப்பாகிறது. சுருளி மலைப்பக்கம் பாறையிடுக்குச் சுனைகளைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். குறுகிய வாயுள்ள சுனைக்குள் ஒரு சிறு குரலும் பறையாகத்தான் முழங்கும். அந்தப் புலவர்கள் நின்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதால் சொல் பிறந்தது. கேட்பது நின்றதும் சொல்லும் போயிற்று. இப்போது எல்லாம் 'கத்துது' ஒன்றுதான்.

அந்த நுணல் மண்ணுக்குள் புதைந்து கிடப்பது. அதன் சொந்தக்காரர் ஒருவர் நமக்கு மிக அருகில், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். 2003 இல் இடுக்கி மாவட்டத்தில் கண்டு அறிவித்த ஊதா நிறத் தவளை, பன்றி மூக்கு, உப்பிய உடம்பு. ஆண்டு முழுவதும் பூமிக்குள்ளேயே இருந்துவிட்டு, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் இனம்பெருக்க வெளியே வரும். 2017 இல் அதே குடும்பத்தில் இன்னொன்றைத் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில், நம் தமிழ்நாட்டிலேயே கண்டு அறிவித்தார்கள். காலஞ்சென்ற ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இந்த ஊதாத் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். அந்தக் குரல் கோழி கொக்கரிப்பது போல் இருக்கிறது என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோழிக்கும் தவளைக்கும் எபிரேயர் ஏன் ஒரே சொல்லை வைத்தார்கள் என்று நாம் முதலில் முகம் சுளித்தோம். இதைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டோம்.

இதுவரை சொன்னது படிப்பு. இனிச் சொல்லப்போவதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

யூதரிடையே 'பெரெக் சிரா' என்றொரு பழைய நூல் வழங்குகிறது. படைப்பில் ஒவ்வொன்றும் இறைவனைப் புகழும் வாசகத்தைத் தொகுத்தது. அதில் தாவீது அரசரைப் பற்றி ஒரு கதை. திருப்பாடல்களை எழுதி முடித்த தாவீது, உம்மை என்னைவிட அதிகமாகப் பாடிய உயிர் உலகில் உண்டா என்று பெருமைப்பட்டாராம். ஒரு தவளை எதிரே வந்து, பெருமை வேண்டாம், நான் உம்மைவிட அதிகம் பாடுகிறேன் என்றதாம்.

தாவீதுக்குப் பெருமை வந்தது பாடி முடித்த பிறகு. நமக்குப் பாடத் தொடங்கும் முன்பே கோபம் வந்தது. இப்பங்குக்கு வந்த முதல் ஆண்டு, அக்டோபர் மாதம், செபமாலை மாதம். மாலையில் நல்ல மழை. கோயிலுக்குப் பின்புறம் உள்ள குட்டை நிரம்பிவிட்டது. நாம் ஒலிபெருக்கியில் அருள்நிறை மரியே சொல்கிறோம்; மக்கள் பதில் சொல்லும் முன்பே குட்டையிலிருந்து பதில் வருகிறது. பிள்ளைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். மூன்றாம் நாள் நம் பொறுமை போயிற்று. அடுத்த கோடையில், திருவிழாக் கடைகளுக்கு இடம் வேண்டும் என்று காரணம் சொல்லி, இடித்த பழைய சுவரின் கல்லையும் மண்ணையும் கொண்டு குட்டையில் பாதியை நிரப்பச் சொன்னோம். கடை என்பது சொன்ன காரணம். உண்மைக் காரணம் நம் காது. பேரவையில் ஒருவரும் மறுக்கவில்லை. சாமி சொன்னால் யார் மறுப்பார்கள்?

அடுத்த அக்டோபரில் செபமாலை அமைதியாக நடந்தது. நமக்கு நிம்மதி. ஒரு நாள் விடியற்காலை நம் கோயில்பிள்ளை ஐயா முதல் மணி அடித்துவிட்டு வந்து, வழக்கத்துக்கு மாறாக நடையிலேயே நின்றார்.

"என்னங்கய்யா?" என்றோம்.

"ராத்திரி மழை பெஞ்சிருக்கு சாமி. காயப்போட்ட வெதநெல்லு நனஞ்சு போச்சு. முன்னெல்லாம் மேக்க இடிக்கிறப்பவே இதுக கூப்புட்டு எழுப்பிவிட்டுரும். பழகிப்போச்சு. நேத்து ஒண்ணும் கூப்புடல, அசந்துட்டேன்."

குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். அன்று மாலை அவரை அழைத்துக்கொண்டு மிச்சமிருந்த பாதிக் குட்டையின் கரைக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். இருட்டில் நின்று விரல் விட்டு எண்ணினார். "கொறட்டு கொறட்டுன்னு இழுக்குறது பெருசு சாமி, மழையில மஞ்சளா மாறிக்கிரும். டிக்கு டிக்குன்னு கூழாங்கல்லத் தட்டுற மாதிரி கேக்குதுல்ல, அது நாத்தாங்காலுல கெடக்குற சின்னது. மண்ணுக்குள்ள இருந்து வர்றது ஒண்ணு உண்டு. அத இப்பக் காணோம்." எபிரேயம் படித்த நம் காதுக்கு அதுவரை எல்லாம் ஒரே இரைச்சல். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். பேயனாரின் காது அவரிடம் இருந்தது.

காணாமல் போனதற்குக் குட்டையை மூடிய நாம் மட்டும் காரணம் என்று சொல்லி எல்லாப் பாவத்தையும் நம் தலையில் ஏற்றிக்கொள்ளவும் விரும்பவில்லை. 1895 இல் பெரியாறு அணை முடிந்து மலையைக் குடைந்து தண்ணீர் கிழக்கே இறங்கியது. அந்தத் தண்ணீரால் கூடலூரிலிருந்து கீழே கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. தண்ணீர் நின்ற வயலெல்லாம் தவளைக்கு வீடு. அந்த வயலில் மருந்து அடிக்கத் தொடங்கினோம். தவளை தோலாலும் மூச்சு விடுவது. தண்ணீரைக் குடிப்பதும் தோலால்தான். நாம் பயிருக்குத் தெளித்தது அதன் உடம்புக்குள் நேரே போகிறது. இன்னொன்று, வெளிநாட்டுச் சாப்பாட்டு மேசைக்காகத் தவளைக்கால் ஏற்றுமதி. இரவில் விளக்கும் சாக்கும் கொண்டு பிடித்தார்கள். நாட்டின் பல பகுதிகளில் தவளை குறைந்து பூச்சி பெருகுவதாகக் குரல் எழுந்தபின், 1987 இல் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பூச்சியைத் தின்னும் ஒன்றை விற்றுவிட்டுப் பூச்சிமருந்தை வாங்கினோம். கணக்குத் தெரிந்த விவசாயிகள் இங்கே இருக்கிறீர்கள். இலாபமா நட்டமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஏன் இதையெல்லாம் பேசுகிறோம் என்றால், யூபிலி நினைவாக எழுப்பவிருக்கும் மண்டபத்தின் வரைபடம் கோயில் முகப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. மண்டபம் நல்லது, வேண்டும். ஆனால் வண்டிகள் நிறுத்தும் இடம் என்று கட்டம் போட்டிருக்கிறார்களே, அது மிச்சமிருக்கும் பாதிக் குட்டையின்மேல் விழுகிறது. முன்பு நாம் மூடச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை என்றோமே, இந்த முறை மறுக்க ஒருவராவது வேண்டும் என்பதற்காக, முதல் ஆளாக நாமே மறுத்துவிட்டோம். பொறியாளர் தம்பி, பள்ளிச் சுவரை ஒட்டி வண்டிகளை நிறுத்தலாம், நாற்பது வண்டிக்குப் பதில் இருபத்தைந்துதான் நிற்கும் என்கிறார். மீதிப் பதினைந்து வண்டிக்காரர்களின் கோபத்தை நாம் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் இது பங்குத் தந்தை ஒருவர் முடிவு செய்ய வேண்டியது அல்ல. ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தாயிற்று. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடுகிறது. அன்பியப் பொறுப்பாளர்கள் எல்லாரும் வாருங்கள்.

அதற்கு முன், வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கோயில்பிள்ளை ஐயா குட்டைக் கரையில் நிற்பார். மேற்கே இரண்டு நாளாக மேகம் கட்டுகிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமியும் அவள் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வழியில் இருட்டு, பாம்பும் இருக்கும். டார்ச் லைட் எடுத்து வாருங்கள். கரைக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் பட்டால் அவை நிறுத்திக்கொள்ளும். மறுபடி தொடங்கக் கால் மணி நேரம் ஆகும்.